வெண்குழியத்தின் பிடிப்பும் உணவின் கொழுப்பும்

வெறுங்காலுடன் வேலியோரம் நடந்த சிறுவன் ஒருவனின் பாதத்தில் முள் தைக்கின்றது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் விளையாடப் போய்விடுகிறான். மறுநாட் காலையில் அவ்விடம் சிவந்து, வீங்கி, தொட்டாற் சுடுகின்றது. அதற்கடுத்த நாள் சீழ் கட்டுகின்றது. சீழைக் கண்ட தாய் அருவருக்கின்றாள். உண்மையில் அச்சீழின் பெரும்பகுதி, அவள் மகனைக் காக்கும் போரில் மடிந்த வெண்குருதிக் குழியங்களே ஆகும்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. குருதி ஓரிடத்தில் நிற்பதன்று, ஓயாது ஓடிக்கொண்டிருப்பது. வெண்குழியங்களோ அவ்வோட்டத்திலே அள்ளுண்டு செல்பவை. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் இருக்க, வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. இத்துணைச் சிறுபான்மையாக, இத்துணை விரைவாக ஓடும் இவை, பாதத்தில் முள் தைத்த அந்த ஓரிடத்தில் மட்டும் நிற்பது எவ்வாறு? குழாயின் சுவரைக் கடந்து வெளியே வருவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண மனிதருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் வரை தேவைப்பட்டன. விடை கிடைத்தபோது, அது நோயாளியின் படுக்கையருகே மட்டும் நில்லாமல், ஒவ்வொருவருடைய அடுக்களைக்குள்ளும் நுழைந்தது.

1846ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவரான ஒகஸ்தஸ் உவாலர், உயிருள்ள தவளையின் நாவை விரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். மெல்லிய குருதிக் குழாய்களிலிருந்து வெண்குழியங்கள் வெளியேறுவதை அவர் கண்டார். அக்காலத்தார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1867இல் பேர்லினில் யூலியஸ் கோன்ஹைம் என்பவர் அழற்சி பற்றி ஆராய்ந்தபோது அதே காட்சியை மீண்டும் கண்டு, தெளிவாக எடுத்துரைத்தார். ஓட்டத்தின் நடுவே சென்ற வெண்குழியங்கள் முதலில் குழாயின் ஓரத்திற்கு ஒதுங்குகின்றன. பின்னர் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. இறுதியாகச் சுவரினூடே நுழைந்து வெளியே செல்கின்றன. சீழ் என்பது குருதியிலிருந்தே வருகின்றது என்பது அன்று உறுதியாயிற்று.

வெளியே வந்தவை என்ன செய்கின்றன என்பதைக் காட்டியவர் உருசியப் பேரரசிற் பிறந்த விலங்கியலறிஞர் இலியா மெச்சினிக்கோவு. 1882இல் இத்தாலியின் மெசீனா நகரில், ஒளி புகும் உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பிகளினுள்ளே அவர் ரோசா முட்களைச் செருகினார். மறுநாள் முட்களைச் சூழ்ந்து அசையும் கலங்கள் திரண்டு நின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் கலங்கள் உடலில் உள்ளன என்ற அவருடைய கொள்கைக்கு 1908இல், போல் ஏர்லிக்குடன் பகிர்ந்து, நோபெற் பரிசு அளிக்கப்பட்டது.

ஆயினும் ஒட்டுதல் என்னும் அந்த நடுப்படி நெடுங்காலம் விளங்காமலே கிடந்தது. வெண்குழியம் பசைபோல ஒட்டுகின்றது என்று கூறினால் போதுமா? எப்போதும் ஒட்டுமாயின் அது இதயத்தை விட்டுப் புறப்பட்டவுடனே எங்கேனும் ஒட்டிக்கொண்டு குழாயை அடைத்துவிடும். எப்போதும் ஒட்டாதாயின் முள் தைத்த இடத்தைக் கடந்து போய்விடும். வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில் மட்டும் ஒட்ட வேண்டும். இதற்கான கருவிகள் சென்ற நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலேதான் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன.

வெண்குழியத்தின் மேற்பரப்பிலும், குருதிக் குழாயின் உட்சுவராகிய அகவணிக் கலங்களின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இவற்றை ஒட்டு மூலக்கூறுகள் என்பர். அவற்றுள் செலெக்டின் என்னும் வகை, ஓடுகின்ற குழியத்தை மெல்லத் தொட்டுத் தொட்டு விடுகின்றது. அதனால் குழியம் சுவரின்மீது உருண்டு உருண்டு செல்கின்றது, வேகம் தணிகின்றது. அவ்வாறு உருளும்போது, புண்பட்ட இழையத்திலிருந்து வரும் இரசாயனச் செய்தி அதனை எட்டுகின்றது. உடனே வெண்குழியத்தின் மேலுள்ள இன்டெகிரின் என்னும் வேறொரு வகைப் புரதம், மடங்கிக் கிடந்த நிலையிலிருந்து நிமிர்ந்து விரிகின்றது. சுவரில் உள்ள ஐகாம்-1, வீகாம்-1 என்னும் புரதங்களை இறுகப் பற்றுகின்றது. குழியம் நிற்கின்றது. பின்னர் தட்டையாகி, அகவணிக் கலங்களின் இடுக்கு வழியே வெளியே செல்கின்றது. ஓடும் புகைவண்டியிலிருந்து எவரும் குதிப்பதில்லை; வண்டி மெதுவாகி, நின்று, கதவு திறந்த பின்னரே இறங்குவர். வெண்குழியமும் அவ்வொழுங்கையே கைக்கொள்கின்றது.

இப்படிமுறையை 1990களின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்திக் காட்டியவர்கள் அமெரிக்க அறிஞர்களாகிய இயூசீன் புச்சரும் திமோதி ஸ்பிறிங்கரும் ஆவர். 2004இல் இருவருக்கும் சுவீடனின் குராபோட் பரிசு வழங்கப்பட்டது. இன்டெகிரின்களைக் கண்டறிந்தமைக்காக 2022இல் ஸ்பிறிங்கர் வேறிருவருடன் லாஸ்கர் பரிசையும் பெற்றார்.

இந்தப் பிடிப்பு இல்லாதொழிந்தால் என்ன நேரும் என்பதை இயற்கையே சில குழந்தைகளிடத்துக் காட்டியுள்ளது. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி ஓரிரு வாரங்களில் உலர்ந்து விழுந்துவிடும். அதனை விழச் செய்வதில் வெண்குழியங்களுக்கும் பங்குண்டு. சில குழந்தைகளுக்கு அக்கொடி மூன்று வாரம் கடந்தும் விழாமல் இருந்ததையும், அவர்களுக்குக் கிருமித் தொற்று மேன்மேலும் வந்ததையும் 1979இல் மருத்துவர்கள் எழுதினர். அக்குழந்தைகளின் புண்களில் சீழ் இல்லை. குருதியைச் சோதித்தால் வெண்குழியங்கள் குறைவாக அல்ல, வழக்கத்திலும் மிகுதியாகவே இருந்தன. படை நிறைய உண்டு. ஆனால் வாயிலில் இறங்க அதற்குக் கை இல்லை. இன்டெகிரின்களின் ஒரு பாதியாக அமையும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபட்டிருப்பதே காரணம் என்பது 1987இல் நிறுவப்பட்டது. என்புமச்சை மாற்றச் சிகிச்சை கிடைக்காவிடின், கடுமையான வகை நோயுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவர்.

இதற்கு எதிரான கேடு பிடிப்பு மிகுவதால் வருவது. முள்ளும் கிருமியும் இல்லாத இடத்திலும் வெண்குழியங்கள் ஒட்டத் தொடங்கினால், காக்கும் படையே வீட்டைத் தாக்கும். மூட்டுவாதத்தில் மூட்டுகளில் நேர்வது இது. இதயத்தின் நாடிகளில் நேர்வதும் இதுவே. குருதியில் கொலெஸ்தரோல் மிகுந்த முயல்களின் நாடிச் சுவரிலே, நோய் தொடங்கும் இடங்களில், வீகாம்-1 தோன்றுகின்றது என்பதை 1991இல் பொஸ்தன் நகரின் சிபுல்ஸ்கி, ஜிம்புரோனே ஆகிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். மொனோசைற்று என்னும் வெண்குழியங்கள் அதனைப் பற்றி உள்ளே நுழைகின்றன, கொழுப்பை விழுங்கி நுரைபோல வீங்குகின்றன, அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின் மாரடைப்பாக வெளிப்படுவதன் முதற் படிகளுள் ஒன்று, ஒரு வெண்குழியம் ஒட்டத் தகாத இடத்தில் ஒட்டியதே ஆகும்.

இனிக் கொழுப்பின் பக்கம் திரும்புவோம். கொழுப்பு என்றவுடன் வயிற்றைச் சூழ்ந்த சதையே பலருடைய நினைவுக்கு வரும். ஆனால் உடலின் ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்வும் பெரும்பாலும் கொழுப்பினாலானதே. அச்சவ்வின் கற்களாக அமைபவை கொழுப்பமிலங்கள். காபன் அணுக்களின் நீண்ட சங்கிலி ஒவ்வொன்றும் ஒரு கொழுப்பமிலம். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிடின் அது நிரம்பியது, நேராக நிற்பது. இரட்டைப் பிணைப்பு இருப்பின் அது நிரம்பாதது. அவ்விடத்தில் வளைந்து நிற்பது. அரகிடோனிக் அமிலத்தில் 20 காபன்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன. கடல்மீன் எண்ணெயில் உள்ள ஈ.பி.ஏ. என்பதில் 20 காபன்களும் 5 பிணைப்புகளும், டி.எச்.ஏ. என்பதில் 22 காபன்களும் 6 பிணைப்புகளும் உள்ளன. முதலாவது ஒமேகா-6 குலத்தைச் சேர்ந்தது. பின்னவை இரண்டும் ஒமேகா-3 குலத்தவை.

சில கொழுப்பமிலங்களை உடல் தானே ஆக்க இயலாது என்பதை மினசோட்டாவில் ஜோர்ஜ் பர், மில்றெட் பர் என்னும் தம்பதியினர் 1929இல் எலிகளைக் கொண்டு காட்டினர். கொழுப்பு முற்றாக நீக்கப்பட்ட உணவை உண்ட எலிகளின் தோல் செதிலுற்றது, வளர்ச்சி குன்றியது. உணவிலிருந்து வரவேண்டியவை இவை என்பதால், உண்பவர் எதை உண்கிறாரோ அதற்கேற்பக் கலத்தின் சவ்வும் ஓரளவு மாறுகின்றது. வெண்குழியமும் இதற்கு விலக்கன்று.

சவ்விலே அமைந்த அரகிடோனிக் அமிலம் வெறுங் கல்லாக மட்டும் இருப்பதில்லை. வேண்டும்போது அதனைப் பிரித்தெடுத்து, வெண்குழியம் வலிய செய்திப் பொருள்களை ஆக்குகின்றது. புரொஸ்தகிளாண்டின்கள் ஒரு வகை. அவற்றை ஆராய்ந்தமைக்காக 1982இல் பேர்க்ஸ்திரோம், சமுவெல்சன், வேன் ஆகிய மூவர் நோபெற் பரிசு பெற்றனர். லியூக்கொற்றையீன்கள் இன்னொரு வகை. அவற்றுள் பி4 எனப்படுவது, வெண்குழியத்தைச் சுவரோடு ஒட்டுமாறு ஏவுவதில் மிகவும் வலியது. அரகிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஈ.பி.ஏ. அமர்ந்திருந்தால், அதிலிருந்து பிறப்பது பி5. அதன் ஏவல் மிகவும் மெலிந்தது.

மீன் எண்ணெயின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியவர்கள் டென்மார்க்கின் பாங்கு, டையர்பேர்க் என்னும் மருத்துவர்கள். 1970இல் அவர்கள் கிறீன்லாந்தின் மேற்குக் கரைக்குச் சென்று, கடல்நாயும் மீனும் உண்டு வாழும் இனுவித்து மக்களின் குருதியைச் சேர்த்து ஆராய்ந்தனர். அக்குருதியில் அரகிடோனிக் அமிலம் குறைந்தும் ஈ.பி.ஏ. மிகுந்தும் இருந்தது. அம்மக்களிடையே இதயநோய் உண்மையிலேயே அரிதாக இருந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர் 2014இல் ஐயுற்றனர். ஆயினும் உண்ட கொழுப்பு குருதியின் இயல்பையே மாற்றுகின்றது என்பது ஐயத்திற்கு இடமற்றதாயிற்று.

1985இல் பொஸ்தனில் நடைபெற்ற ஒரு சோதனை வெண்குழியத்தின் பிடிப்பை நேரே தொட்டது. நலமுள்ள எழுவர் நாள்தோறும் 3.2 கிராம் ஈ.பி.ஏ.யும் 2.2 கிராம் டி.எச்.ஏ.யும் அடங்கிய மீன் எண்ணெயை ஆறு வாரம் உட்கொண்டனர். அதன்பின் அவர்களின் வெண்குழியங்கள் எடுக்கப்பட்டு, ஆய்வுகூடத்தில் வளர்த்த அகவணிக் கலங்களின் மேல் விடப்பட்டன. லியூக்கொற்றையீன் பி4 இன் தூண்டுதலால் அவை ஒட்ட வேண்டும். எண்ணெய் உட்கொண்டபின் அவ்வொட்டுதல் நிகழவில்லை. உண்ட உணவு, ஆறு வாரத்தில், குழியத்தின் பிடியைத் தளர்த்திவிட்டது.

1994இல் டி காற்றெறினா என்னும் இத்தாலிய மருத்துவரும் தோழரும் மறுபக்கத்தை, அதாவது சுவரை, ஆராய்ந்தனர். மனித நாளத்தின் அகவணிக் கலங்கள் டி.எச்.ஏ.யிலே சில நாள் ஊறியிருந்தால், அழற்சிச் செய்தி வந்தபோதும் அவை வீகாம்-1 ஐக் குறைவாகவே வெளிக்காட்டின. 1996இல் இங்கிலாந்தின் நோரிச்சு நகரில், மூன்று வாரம் மீன் எண்ணெய் உட்கொண்டவர்களின் மொனோசைற்றுகள் சோதிக்கப்பட்டன. வெண்குழியங்கள் தாமும் தம் மேற்பரப்பிலே ஐகாம்-1 ஐத் தாங்குபவையே. எண்ணெயின் பின்னர் அது குறைந்து காணப்பட்டது. 1998இல் அதே நாட்டில், ஒலிவெண்ணெய் மிகுந்த உணவை இரண்டு மாதமளவு உண்ட நடுவயது ஆடவரின் வெண்குழியங்களிலும் ஐகாம்-1 குறைந்தது. எனவே இவ்விளைவு மீனுக்கு மட்டுமே உரியது என்று கூறவும் இயலாது.

இது நிகழும் வழி ஒன்றன்று. செய்திப் பொருள்கள் மெலிவது ஒரு வழி. சவ்வின் அமைப்பு மாறுவதால் அதில் நிற்கும் புரதங்களின் அணிவகுப்பு மாறுவது இன்னொரு வழி. கலத்தின் கருவிலே அழற்சிப் புரதங்களை ஆக்குமாறு கட்டளையிடும் காரணி அடங்கிப் போவது மூன்றாவது வழி. ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டிலிருந்தும் உடல் தானே சில பொருள்களை ஆக்கி, முடிவுற்ற அழற்சியைத் தணிக்கின்றது என்பதும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது.

இவ்வளவிலே நிறுத்திக்கொண்டால் கதை இனிதே முடியும். ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. 1993இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டு நகரில், பல இரட்டைப் பிணைப்புகளையுடைய கொழுப்பமிலங்கள் வெண்குழியங்களின்மேல் நேரே இடப்பட்டன. அப்போது ஒட்டுதல் குறையவில்லை, கூடியது. இன்டெகிரின்களும் மேற்பரப்பில் மிகுந்தன. 2004இல் ஒல்லாந்தில், கொழுப்பு மிகுந்த உணவை உண்ட சில மணித்தியாலங்களுக்குள் நலமுள்ளவர்களின் வெண்குழியங்கள் கிளர்ச்சியுற்று, இன்டெகிரின் அடையாளங்களைக் கூடுதலாகக் காட்டின. திடீரென வந்து மேலே விழும் அமிலம் குழியத்தை உசுப்புகின்றது. வாரக் கணக்கில் மெல்லச் சவ்விலே சேர்ந்த அமிலம் அதனை அமைதிப்படுத்துகின்றது என்று இவற்றை ஒருவாறு பொருத்திக் காணலாம். எந்த அமிலம் என்பதோடு, எவ்வளவு, எவ்வழியாக, எத்தனை நாள் என்பனவும் விளைவைத் தீர்மானிக்கின்றன.

ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலிருந்து மனிதரின் வாழ்நாளுக்குச் செல்லும் வழியும் நீண்டது. இத்தாலியில் மாரடைப்பிலிருந்து தப்பிய 11,324 பேரிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான சோதனையில், நாள்தோறும் ஒரு கிராம் ஒமேகா-3 உட்கொண்டவர்களிடையே மரணம் குறைந்தது. உலகெங்கும் மீனெண்ணெய்க் குளிகைகள் விற்பனையாயின. ஆனால் 2018இல் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையில், ஒரு கிராம் எண்ணெய் பெரும் இதயநோய் நிகழ்ச்சிகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. அதே ஆண்டில், தூய்தாக்கிய ஈ.பி.ஏ.யை நாளொன்றுக்கு 4 கிராம் பெற்ற நோயாளரிடம் நான்கிலொரு பங்கு குறைவு காணப்பட்டது. ஒப்பீட்டுக்கு வழங்கிய கனிய எண்ணெயே தீமை செய்து, நன்மையைப் பெரிதாகக் காட்டிற்றோ என்ற விவாதம் எழுந்தது. 2020இல், ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்த எண்ணெயை அதே 4 கிராம் அளவில் வழங்கிய 13,078 பேரின் சோதனை பயன் காணாமல் இடையில் நிறுத்தப்பட்டது. பெருமளவு எண்ணெய் சிலரிடத்து இதயத் துடிப்பை ஒழுங்கு குலையச் செய்கின்றது என்பதும் இச்சோதனைகளால் வெளிவந்தது.

பிடிப்பை ஒரேயடியாக அறுத்துவிடும் மருந்துகளின் வரலாறும் ஒரு பாடம் தருகின்றது. வெண்குழியத்தின் ஓர் இன்டெகிரினைத் தடுக்கும் எபாலிசுமாப் என்னும் மருந்து சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்காக 2003இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. காவல் குன்றிய சிலருடைய மூளையில் உறங்கிக் கிடந்த வைரசு விழித்தெழுந்து உயிரைக் கவர்ந்தது. 2009இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. வேறோர் இன்டெகிரினைத் தடுக்கும் நற்றலிசுமாப் என்பதும் 2004இல் அங்கீகாரம் பெற்று, அதே மூளைநோயால் 2005இல் நிறுத்தப்பட்டு, கடுங் கண்காணிப்புடன் 2006இல் மீண்டது. நரம்புநோயாளர் பலருக்கு அது இன்றும் உதவுகின்றது; ஆனால் எவருக்கு எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர் கணக்கிட்டே கொடுக்கின்றனர்.

மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய் தரும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தொடங்கும் கருத்து. வெண்குழியத்தின் பிடிப்புக்கு அக்கருத்து அப்படியே பொருந்துகின்றது. தொப்புட்கொடி விழாத குழந்தையிடத்துக் குறைவையும், அடைபட்ட நாடியிடத்து மிகுதியையும் காண்கின்றோம். உணவிலுள்ள கொழுப்பு இந்தத் தராசின் முள்ளைச் சற்றே அசைக்க வல்லது; தராசையே கவிழ்க்க வல்லதன்று. அதுவே அதன் வரம்பும், அதன் பாதுகாப்பும் ஆகும்.

ஆகையால் நேயர்கள் தம் அடுக்களைக்கு எதைக் கொண்டு செல்லலாம்? சாளை, சூடை, கும்பளா போன்ற கொழுப்புள்ள சிறுமீன்களின் 100 கிராமில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து ஏறக்குறைய 1 முதல் 2 கிராம் வரை கிடைக்கும். பொஸ்தன் சோதனையின் அளவை எட்ட வேண்டுமாயின் நாள்தோறும் அரைக் கிலோவரை உண்ண வேண்டியிருக்கும்; அஃது எவர்க்கும் வேண்டியதன்று. வாரத்தில் ஓரிரு நாள் இத்தகைய மீன் உண்பது நல்லுணவின் ஒரு பகுதி. மரக்கறி உணவினர்க்கு ஆளிவிதை முதலியவற்றில் ஒமேகா-3 குலத்தின் குறுஞ்சங்கிலி அமிலம் உண்டு. ஆயினும் அதன் சிறு பகுதியையே உடல் ஈ.பி.ஏ.யாக மாற்றுகின்றது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம் என்னும் நிரம்பிய கொழுப்பு; எனவே அளவறிந்து பயன்படுத்துவதே முறை. இதயநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ மருந்துண்பவர் எவரும், மீன் உண்கிறோம் என்று கருதி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது. எண்ணெய்க் குளிகை வாங்க நினைப்பவரும் அம்மருத்துவரையே முதலிற் கேட்டல் வேண்டும்.

முள் தைத்த சிறுவனின் பாதம் சில நாட்களில் ஆறிவிடும். அவன் அறியாமலே எண்ணற்ற வெண்குழியங்கள் ஓட்டத்தில் வேகம் தணிந்து, நின்று, இறங்கி, தம் கடனை முடித்திருக்கும். அவை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டின. ஒட்ட வேண்டாத இடங்களைக் கடந்து சென்றன. அவ்வொழுங்கு குலையாதிருக்க அவனுக்குத் தேவையானது, அவன் தாய் நாள்தோறும் அளவறிந்து படைக்கும் உணவும், வேலியோரம் நடக்கும்போது காலில் ஒரு செருப்புமே ஆகும்.